கம்பத்து மீன்

ஆண் கை ஓங்கியது என்று யாராவது நினைத்தால், எங்கள் செரோக்கீப் பழங்குடிக் குடும்பத்துப் பந்தாட்டத்துக்கு டாலக்குவா பக்கம் வரட்டும். உயரமான கம்பத்தின் உச்சியில் மரமீன். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்; அதைப் பந்தால் அடிக்க வேண்டும். ஆண்கள் நுனியில் வலை கட்டிய இரண்டு குச்சிகளால்தான் பந்தைத் தொடலாம். பெண்கள் வெறுங்கையால் எடுக்கலாம், எங்களைத் தள்ளலாம், சட்டையைப் பிடித்து இழுக்கலாம். நாங்கள் திருப்பிக் கை வைக்கக் கூடாது. தோற்ற பக்கம் பன்றிக்கறி பொரித்த இரும்புச் சட்டிகளைத் தேய்க்க வேண்டும்.

என் மகள் டெஸ்ஸாவுக்குச் சட்டிக் கவலை இல்லை. போன வருடம் அவளிடம் பந்து வந்ததும் ஆண்கள் எல்லோரும் குழந்தைதானே என்று விலகி வழிவிட்டார்கள். மீனை அடித்தாள், கைதட்டினோம். அவளோ முகத்தைத் தூக்கிக்கொண்டு, அன்று சாப்பிடவே இல்லை. இன்று வண்டியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இன்னிக்கு விட்டுக்கொடுத்தே, உன்கூடப் பேசவே மாட்டேன்."

"சரிடி."

"சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

ஆட்டம் சமமாகி, கடைசி அடிக்கு வந்து நின்றது. பந்து என் குச்சிகளுக்குள். குறுக்கே டெஸ்ஸா மட்டும், முழங்காலெல்லாம் மண். பெற்ற மனம் கேட்குமா? குச்சியைத் தளர்த்தினேன். பந்து அவள் காலடியில் விழுந்தது.

எடுத்தாள், என்னைப் பார்த்தாள், என் நெஞ்சிலேயே வீசினாள்.

"பிச்சை போடுறியா?"

"அடிப்பாவி, கைக்கு வந்ததை விட்டுட்டியே! சட்டியை யார் தேய்க்கிறது?" என்று அவள் அம்மா லியோனா தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கும் ரோஷம் வந்தது. பந்தை அள்ளி நிஜமாகவே குறிவைத்தேன். டெஸ்ஸா ஓடிவந்து இடுப்பைக் கட்டி என்னைச் சாய்த்தாள். பந்து உருண்டது. என் மச்சான் வெஸ் குச்சிகளை உயர்த்திக்கொண்டு பாய்ந்தான். டெஸ்ஸா அவன் கைக்கடியில் புகுந்து பந்தை எடுத்து, முட்டி போட்டபடியே எறிந்தாள்.

மீன் 'டக்'கென்று சுழன்றது.

இந்தத் தடவை ஆண்கள் யாரும் கைதட்டவில்லை. "ஐயோ!" என்று ஒரே அலறல். என் பெண்ணுக்கு வேண்டியிருந்தது அந்த அலறல்தான்.

சட்டி தேய்க்கும்போது வெஸ் முணுமுணுத்தான். "அடுத்த வருஷம் இவளுக்கு ரெண்டு பேரைக் காவல் போடணும் மச்சான். பொண்ணா பெத்திருக்கே?"

டெஸ்ஸா அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவது தட்டு கறி போட்டுக்கொண்டாள். அந்தத் தட்டையும் நான்தான் கழுவினேன். முழங்கை சிராய்ப்பு எரிய எரிய, பெருமையாகக் கழுவினேன்.