பணியாளர் மோட்டார் போடவில்லை

...இல்லை, இந்த வரி இங்கே வராது, பழைய பைத்தான் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று புரோகிராம் எழுதுகிற எடிட்டருக்கு முதலில் சொல்ல வேண்டும், அப்புறம் புதியது எங்கே என்று, ஃபைலைச் சேமிக்கும்போதெல்லாம் இரண்டையும் கூப்பிட்டு இது உனக்குப் புரிகிறதா, உனக்குப் புரிகிறதா என்று கேட்க வேண்டும், எதற்குப் புரியாவிட்டாலும் அந்த வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. அவ்வளவுதான், அரை மணி நேர வேலை, இதைப் பதினாறு நாளைக்கு முன்னால் செய்திருந்தால்... சரி, ஒரு சாய்கோடு விட்டுப்போயிருக்கிறது, அதைப் போடு ஜமீர், வேலையைப் பார். பக்கத்து மேசையில் பண்ணை முதலாளி கிருஷ்ணப்பன் போனில் யாருடனோ தெலுங்கில் பேசிக்கொண்டே எனக்கும் டீ ஊற்றுகிறார், இந்த மரியாதை வேறு. என்னுடைய புரோகிராம்தான் இந்த நாற்றுப் பண்ணைக்கு மூன்று வேளையும் மோட்டார் போட்டுத் தண்ணீர் விடுகிறது. எழுதுவது என் லேப்டாப்பில், இதில் புதிய பைத்தான், அதாவது அந்தக் கம்ப்யூட்டர் மொழியின் புதிய பதிப்பு. ஓடுவது அதோ மூலையில் மண் படிந்து கிடக்கிற பழைய கம்ப்யூட்டரில், அதில் பழையது. புதியதில் மட்டும் உள்ள ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் பழையது ஒரு வரிகூட ஓட்டாமல் நின்றுவிடும், இது எனக்குத் தெரியாதா என்ன, எல்லாம் தெரியும், கடத்தூரில் நாலு பேருக்குச் சொல்லியே கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தர்மபுரி வீட்டில் உட்கார்ந்தபடியே புதிய ஃபைலை இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினேன், ஜும்ஆவுக்கு நேரமாச்சுங்க என்று மனைவி வஹிதா தொப்பியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள், ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கலாம், ஒரே ஒரு தடவை, தொழுகைக்கு நிற்கும்போதுகூட நினைவு வந்தது, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன், வந்து சாப்பிட்டுத் தூங்கினேன். மறுநாள் பென்னாகரத்தில் நிக்காஹ், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பாஞ்சாலி அக்கா போன் செய்தார், ஏழு வருடமாக இங்கே தண்ணீர் பார்த்தவர். “தம்பி, நேத்து மத்தியானத்துல இருந்து மோட்டரு ஓடலீங்க, நான் போட்டுடட்டுங்களா?” நான் என்ன சொன்னேன்? “சுவிட்சத் தொடாதீங்கக்கா, கணக்கு மாறிப்போயிடும், அதுவே போட்டுக்கும்.” இலையில் கையை வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் தொடவில்லை. தொட்டியில் குடத்தால் மொண்டு மொண்டு ஊற்றியிருக்கிறார், ஒற்றை ஆள், எவ்வளவுக்கு முடியும், முன் வரிசை மட்டும் பிழைத்தது. திங்கட்கிழமை நானும் வெளியூரிலிருந்து திரும்பிய கிருஷ்ணப்பனும் வந்து பார்த்தபோது வலைக்குடிலில் மீதிச் சாமந்தி நாற்றெல்லாம் தட்டோடு தட்டாகக் கருகிக் கிடந்தது.

“தம்பிதாங்க தொடாதேன்னு சொன்னாரு” என்றார் அக்கா. “அப்டீங்களா தம்பி?” என்று கிருஷ்ணப்பன் என் பக்கம் திரும்பினார். ஆமாங்க என்று ஒரே சொல்தான் சொல்ல வேண்டியது, எழுத்துக்கூட்டிச் சொன்னாலும் ஒரு மூச்சில் முடிந்துவிடும், அதை விட்டுவிட்டு நான் சொன்னது, “ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்துடலாங்க.” ஏன் அப்படிச் சொன்னேன், தப்பு என்னுடையது என்று அப்போதே எனக்குத் தெரியுமா? தெரியாது... பாதி தெரியும். மோட்டார் ஓடியதா என்று பழைய கம்ப்யூட்டர் எழுதி வைக்கிற ரிப்போர்ட்டைக் கிருஷ்ணப்பன் உரக்கப் படித்தார்: பணியாளர் மோட்டார் போடவில்லை, பணியாளர் மோட்டார் போடவில்லை, பணியாளர் மோட்டார் போடவில்லை, வேளைக்கு ஒரு வரி. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா, இனிமேல் வேலைக்கு வர வேண்டாம் என்றார். அக்கா அழவில்லை, சண்டை போடவில்லை, என்னைப் பார்த்தார், நான் செருப்பைப் பார்த்தேன். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவர் கேட்டைத் தாண்டிய பிறகு பழைய கம்ப்யூட்டரைத் திறந்தேன், பிழை கண் முன்னால் நின்றது, இரண்டு நிமிடத்தில் திருத்தினேன், மூடினேன். யாரும் பார்க்கவில்லை என்று நிம்மதியாகக்கூட இருந்தது, தூ.

இன்றைக்குக் காலையில் அக்காவைப் பஸ்ஸில் பார்க்க வேண்டுமா? களைக்கொத்தும் கையுமாக ஏறினார், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அப்படியும் கண்டுகொண்டார். “நல்லாருக்கீங்களா தம்பி? மொரப்பூர்ப் பக்கம் களையெடுக்கப் போறனுங்க. மோட்டரு இப்ப ஒழுங்கா ஓடுதுங்களா?” குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டார், அதுதான் தாங்கவில்லை. ஓடுதுங்கக்கா என்றேன். என் டிக்கெட்டை நான் எடுத்துக்கொண்டேன், அவருக்கும் சேர்த்து எடுக்கலாம் என்று தோன்றியது, அதற்கும் துணிச்சல் வரவில்லை.

...ஆ, வேலை செய்கிறது. அன்றைய ஃபைலைத் திறந்து சேமித்ததும் பதினேழாவது வரியில் சிவப்புக் கோடு, பழையதுக்குப் புரியவில்லை என்று பளிச்சென்று சொல்கிறது. இவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா. “ஆச்சுங்களா தம்பி?” என்கிறார் கிருஷ்ணப்பன், “போன தடவை மாதிரி ஆளுங்க தப்புப் பண்ணா மாட்டிக்கோணும், அதுதான் வேணும்.” மற்ற ஃபைல்களையும் பார்த்துவிடலாம் என்று ஒவ்வொன்றாகத் திறக்கிறேன், கடைசியில் ரிப்போர்ட் ஃபைல், மோட்டார் ஃபைல் நின்றாலும் இது தனியாக ஓடும், உள்ளே இவ்வளவுதான். மோட்டார் ஓடியிருந்தால் ஓடியது என்று எழுது, இல்லையென்றால், பணியாளர் மோட்டார் போடவில்லை. ஆள் சுவிட்ச் போட்ட காலத்தில் நான் எழுதியது, முதலாளிக்குப் புரியட்டும் என்று முழு வாக்கியமாக, அப்புறம் மோட்டாரை என் புரோகிராம் போட ஆரம்பித்தது, இந்த வரியை நான் மாற்றவே இல்லை, மோட்டார் ஓடாததற்கு நானும் காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சேமிக்கிறேன். பழையது சரி என்கிறது. புதியதும் சரி என்கிறது. கோடு இல்லை. இன்னொரு தடவை சேமிக்கிறேன், இல்லை.

“இனிமே எல்லாத் தப்பையும் இது காட்டிடுமில்லீங்களா?” என்கிறார் கிருஷ்ணப்பன். “காட்டாதுங்க” என்கிறேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஏன் என்று கேட்கிறார், நான் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, கோடு விழாத அந்த வரியில் விரலை வைக்கிறேன்...