அறுந்திருக்க வேண்டிய கயிறு

வல்லரசு செத்துப் பதினெட்டு நாளாகியும் அவன் அம்மா சிவந்தியின் வாய் அடங்கவில்லை. காலடிப்பேட்டையில் தண்ணீர் லாரி வந்து நிற்கும்போதெல்லாம், குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தெருவே கேட்கும்படி தாவூதைச் சபிப்பாள். “எம்புள்ள ஆகாசத்துல தொங்கிக்கினு கீறான், கயித்த வெட்டாம வேடிக்க பாத்துகினு நின்னான் அந்தப் பாவி! அவன் வெளங்குவானா?” யாரும் மறுத்துப் பேசுவதில்லை. பெற்ற வயிறு எரியும்போது குறுக்கே போக எவருக்குத் துணிச்சல் வரும்?

மகள் மதி மட்டும் கதவுக்குப் பின்னால் நின்று காதைப் பொத்திக்கொள்வாள். அந்தச் சாபமெல்லாம் தனக்குச் சேர வேண்டியதோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம். சந்தேகமா, பயமா, அவளுக்கே தெரியவில்லை.

நடந்தது இதுதான். எண்ணூரைத் தாண்டிய மணல்வெளியில் ஒரு கம்பெனி ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்களைப் பாராகிளைடரில் பறக்க விடுகிறது. அங்கே குதிப்பதற்கு மலையா இருக்கிறது? இழுத்துத்தான் ஏற்ற வேண்டும். தரையில் நிற்கும் விஞ்ச் எந்திரம் நீளக் கயிற்றைச் சுருட்டச் சுருட்ட, துணிக்குடையோடு ஆள் மேலே போவான். போதுமான உயரம் வந்ததும் நெஞ்சுப் பக்கம் இருக்கும் ரிலீஸை இழுப்பான், கயிறு கழன்று விழும். வல்லரசு பறக்கிறவன். அவனுடைய தோஸ்து தாவூது விஞ்ச் ஓட்டுகிறவன்.

இழுவைக் கயிற்றின் நுனியில், ரிலீஸுக்கு முன்னால், ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய துண்டு ஒன்று இருக்கும். வீக் லிங்க் என்பார்கள். குடை காற்றில் கோணிக்கொண்டு இழுவை எல்லை மீறும்போது, பறக்கிறவன் கை ரிலீஸுக்கு எட்டாவிட்டாலும், அது தானாக அறுந்து ஆளை விட்டுவிட வேண்டும். நூற்றிருபது கிலோவில் அறுவதுதான் அதன் வேலை.

மதியின் வேலையோ நேர் எதிர். திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் பதினான்கு வருடமாக ஸ்லிங் தைக்கிறாள். துறைமுகத்தில் கிரேன் தூக்கும் சரக்கைக் கட்டும் பட்டைகள் அவை. இரண்டு டன் என்று எழுதினால் நான்கு டன் இழுத்துப் பார்த்த பிறகுதான் வெளியே அனுப்புவார்கள். கீழே மனுஷன் நிற்கிறான், ஒரு நூல் விடக் கூடாது என்பதுதான் அங்கே முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் பாடம். சும்மா சொல்லக் கூடாது, மதி தைத்த பட்டை ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

பொங்கல் கழிந்த வாரம் வல்லரசு அவளிடம் ஒரு பழைய வீக் லிங்கைக் கொண்டுவந்து போட்டான்.

“அக்கா, இது ஒரே பேஜாரா கீது. பழசாயி நைஞ்சு போச்சு. பத்தடி ஏர்றதுக்குள்ள பட்டுனு அறுந்துடுது, பாக்குற ஜனமெல்லாம் சிரிக்குது. அளவு மாறாம புச்சா ஒரு பத்து தச்சுக் குடு.”

“அறுந்தா நீ வுழுந்துட மாட்டியாடா?”

“ஐய, வுழ மாட்டேன்க்கா. அறுந்தாதான் நல்லது. குட பாட்டுக்கு மெதுவா எறக்கிடும்.”

காதில் வாங்கிக்கொண்டாள். மனசில் வாங்கவில்லையே! கூடப் பிறந்தவன் ஆகாயத்தில் தொங்குகிறான், அவனைப் பிடித்திருக்கும் கயிறு அறுந்தால் நல்லதாம். எந்த ஊர் நியாயம் இது என்று நினைத்தாள். மேலுறையை அப்படியே வைத்து, உள்ளே ஸ்லிங் நூலில் நாலு இழையைக் கூடுதலாக ஓட்டினாள். பார்த்தால் தெரியாது. பன்னிரண்டு தைத்து, பத்தைக் கொடுத்து, இரண்டைப் பெட்டியில் போட்டு வைத்தாள். தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் திட்டுவான் என்று சொல்லவில்லை.

ஒரு மாதம் ஒன்றுகூட அறவில்லை. வல்லரசு பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து நின்றான். “இன்னா கைக்கா உனுக்கு! காத்து நல்லா கீதா, உன் கை ராசியான்னு தெர்ல. ஜம்முனு ஏர்றேன்.” மதிக்குப் பெருமை பிடிபடவில்லை. அம்மாவுக்கு வைக்காமல் இரண்டு பேரும் தின்று தீர்த்தார்கள்.

அப்புறம் அந்தப் புதன்கிழமை. பறக்க வந்தவர் யாருமில்லை, சோதனைக்காக வல்லரசு தனியாக ஏறினான். கடல்காற்று திடீரென்று அடித்ததில் குடை பக்கவாட்டில் சாய்ந்தது. நிமிர்த்தப் போராடிய கைகள் ரிலீஸுக்கு வரவேயில்லை. விஞ்ச் விடாமல் இழுத்தது. தாவூது எந்திரத்தை நிறுத்திக் கத்தியால் கயிற்றை வெட்டுவதற்குள் வல்லரசு மணலில் மோதிவிட்டான். தாவூதின் அஜாக்கிரதைதான் காரணம் என்று கம்பெனி கைகழுவியது. தாவூதும் மறுக்கவில்லை. நாளைக் காலை ஸ்டேஷனில் அப்படியே எழுதிக் கொடுக்கப் போகிறானாம்.

பதினெட்டாம் நாள் காலை வல்லரசின் பையைப் போலீஸ் திருப்பிக் கொடுத்தபோது மதி அதைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தாள். ஹெல்மெட் இருந்தது. ரிலீஸ் இருந்தது, அதன் மூன்று வளையங்களும் இருந்தன. வீக் லிங்கை மட்டும் காணோம். அறுந்ததா, அறவில்லையா?

அன்றைக்குப் பட்டறைக்குப் போனவள் பெட்டியில் கிடந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு சோதனை எந்திரத்தருகே போனாள். அதை ஓட்டுகிறவர் ரகுபதி.

“அண்ணா, இத்த கொஞ்சம் இழுத்துப் பாருங்க. சின்ன மீட்டர் போட்டு.”

“இன்னாமா இது, நாடா கயிறு மாதிரி கீது?” என்று சிரித்துக்கொண்டே மாட்டினார்.

முள் நகர்ந்தது. எண்பது. நூறு. பதினான்கு வருடத்தில் முதல்முறையாக, தான் தைத்தது அறுந்துவிட வேண்டும் என்று மதி வேண்டிக்கொண்டாள். நூற்றிருபது. அறுந்துடு, அறுந்துடு. இருநூறு. முந்நூறு. நானூற்றுப் பத்தில்தான் டப்பென்று விட்டது.

“அம்மாடியோவ்!” ரகுபதி வாய்விட்டுச் சொன்னார். “சுண்டுவெரல் தடிமன் கூட இல்ல, நானூறு தாங்குது! கைன்னா இது கை!”

மதி எந்திரத்தின் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

பட்டறையிலிருந்து நேரே தண்டையார்பேட்டைக்குப் போனாள். கதவைத் திறந்த தாவூதின் மனைவி அஜீசுன்னிசாவுக்கு நிறை வயிறு. திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று அந்தப் பெண் முகம் வெளுத்துப் போனாள். தாவூது பதினெட்டு நாள் தாடியோடு எழுந்து நின்றான்.

“தாவூது, அந்த வீக் லிங்க் அறுந்துச்சா?”

“அறுந்துச்சுக்கா.” தரையைப் பார்த்தே சொன்னான்.

“பொய் சொல்லாத. இப்பதான் மிஷின்ல போட்டேன். நானூறு கிலோ தாங்குது. நான்தான் உள்ள நூலு வுட்டேன்.”

தாவூது அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து அதை எடுத்தான். முழுசாக இருந்தது. ஒரு பக்கம் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

“போலீசு வர்றதுக்கு முன்ன கழட்டிட்டேன். நீ தச்சதுன்னு தெரியும்க்கா. அவன் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தான். அம்மாவுக்கு மிச்சம் நீ ஒருத்திதானே.”

“அதுக்குன்னு நீ ஜெயிலுக்குப் போவியாடா?”

“நானும் லேட்டுதானேக்கா.” அவன் குரல் உடைந்தது. “குட சாயிறப்பவே கத்தி கையில கீது. இப்ப அறும், இப்ப அறும்னு நின்னுட்டேன். எப்பவும் அதான் மொதல்ல அறும். அத்த நம்பி நின்னுட்டேன்க்கா.”

அவன் அழுதான். மதியால் அழக்கூட முடியவில்லை.

மறுநாள் காலை அம்மாவிடம் சொன்னாள். பயந்து பயந்து, நூலிலிருந்து மிஷின் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிவந்தி சுவரில் சாய்ந்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் புள்ள தம்மேலதான் தப்புன்னு ஒத்துக்கினான்ல?” என்றாள் கடைசியில்.

“ஒத்துக்கினான்.”

“அப்ப வுட்டுடு. யார்கிட்டயும் மூச்சு வுடாத.”

“எம்மா, நீ தெனிக்கும் அவன சபிச்சியே!”

“இனிமே சபிக்க மாட்டேன். அவன் வூட்டு வாசல்ல போய் அவன் கால்ல வுழறேன். நீ மட்டும் போகாத கண்ணு.” சிவந்தி மகளின் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “ஒன்னு போச்சு. நீயும் உள்ள போய்ட்டா இந்த வூட்ல நான் யார் மூஞ்சியப் பாப்பேன்?”

மதி ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். அம்மாவின் விரல்கள் அவ்வளவு பலமானவை என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

ஸ்டேஷனில் தாவூது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் வேண்டாம் என்று தலையாட்டினான். அவள் நிற்கவில்லை. ஏட்டய்யாவின் மேசையில் பெட்டியில் மிச்சமிருந்த இன்னொரு வீக் லிங்கை வைத்து, கோர்வையில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டுக்கொண்டு காகிதத்தை எடுத்தார். பெயர், வயது, விலாசம், வேலை. ஒவ்வொன்றாகக் கேட்டார், சொன்னாள்.

“செத்துப்போனவருக்கு நீங்க இன்னா ஒறவு?”

மதி வாயைத் திறந்தாள். அந்தச் சின்னச் சொல் வரவில்லை. இரண்டாம் முறை முயன்றாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அதைச் சொல்வது?

ஏட்டய்யா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். பெஞ்சிலிருந்த தாவூது எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

“அக்கா சார்,” என்றான். “வல்லரசோட அக்கா. எழுதிக்கோங்க.”