வசந்தாவின் மூச்சு

எங்கள் எஃப்.எம். நிலையத்தில் ஒலியைச் சரிசெய்யும் பெட்டியை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது. இருபது வருடமாக அதுதான் சட்டம், போட்டவனும் நான்தான். உழவர்கரையில் ஒரு மாடியில் இயங்கும் சின்ன நிலையம். யார் பேசினாலும் அந்தப் பெட்டிக்குள் நுழைந்துதான் காற்றில் ஏற வேண்டும். கம்ப்ரஷன் சத்தமானதை அமுக்கி, மெல்லியதைத் தூக்கிவிடும். லிமிட்டர் மேலே ஒரு கூரை, எவ்வளவு கத்தினாலும் அதைத் தாண்ட முடியாது. மூன்றாவது, கேட். நம் வீட்டு கேட் மாதிரிதான். ஆள் பேச்சை நிறுத்தியதும் மூடிக்கொண்டு, அந்த இடைவெளியில் எதையும் ஏறவிடாது. அதைத் திறந்து போட்டால் மூச்சு, வளையல், தண்ணீர் விழுங்குவது எல்லாம் குரலுக்குச் சமமாகக் கேட்கும்.

நான் திறந்து போட்டேன். தெரிந்தேதான் செய்தேன்.

எங்கள் அறிவிப்பாளர் வசந்தாவின் நேயர் நிகழ்ச்சிக்கு மட்டும். ஐந்து மணிக்குத் தானாக மாறி ஏழு மணிக்குத் தானாகத் திரும்பும்படி நேரம் வைத்துவிட்டு, நாலரைக்கே பக்கத்திலேயே மேட்டுப்பாளையத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிடுவேன். என் மனைவி சரிதா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. கதவைத் திறந்தால் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும்தான். ரேடியோவைப் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்குவேன். வசந்தா பேசுவார், நிறுத்துவார், மூச்சு இழுப்பார். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற மாதிரி இருக்கும். அவர் மேல் எனக்கு ஆசை கீசை எதுவும் கிடையாது, யாரும் கன்னாபின்னாவென்று யோசிக்க வேண்டாம். வீட்டில் இன்னொரு மூச்சு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கனகசெட்டிக்குளத்திலிருந்து ஒருவர் போன் செய்து, அந்த அம்மாவுக்கு இழுப்பா என்று கேட்டாராம். அப்புறம் இன்னும் பத்துப் பேர் கேட்டார்கள். மேனேஜர் கோபிநாத் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். நெஞ்சில் ஒன்றுமில்லை. ஆனாலும் வசந்தா பயந்துபோய், வாக்கியத்தைப் பாதியில் வெட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். திங்கட்கிழமையிலிருந்து நிகழ்ச்சி வேறொருவருக்கு என்றும், வசந்தா பழைய பதிவுகளை அடுக்கிவைக்கும் வேலையைப் பார்க்கட்டும் என்றும் கோபிநாத் சொன்னபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். பதினெட்டு வருடம் மைக்கின் முன்னால் உட்கார்ந்தவர் அவர்.

"மெஷின்ல எதாவது இருக்குமா சார்?" என்று வசந்தா என்னைப் பார்த்துக் கேட்டார்.

வாயைத் திறந்தேனா? செக் பண்றேம்மா என்று மென்று முழுங்கினேன். தூ, நானெல்லாம் ஒரு மனுஷன்!

ஓடிப்போய் கேட்டை மூடினேன். இனி சுத்தமாகக் கேட்கும் என்று கோபிநாத்திடம் சொல்லிப் பார்த்தேன். அவர் மசியவில்லை. அந்த அம்மா நோயாளி என்று ஊரே நினைத்துவிட்டது, இனி என்ன செய்ய முடியும் என்றார். அது எப்படி நடந்தது என்று சொல்ல அப்போதும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

வெள்ளிக்கிழமைதான் அவருடைய கடைசி நிகழ்ச்சி. வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். குரல் பளிச்சென்று வந்தது. ஆனால் அவர் இன்னமும் மூச்சை அடக்கிக்கொண்டு, நாலு சொல்லுக்கு ஒரு தடவை வெட்டி வெட்டித்தான் பேசினார். இல்லாத நோயை மறைத்துக்கொண்டிருந்தார். நேயர் எண்ணுக்குப் போன் போட்டேன். நாலாவது தடவைதான் கிடைத்தது.

எல்லோரிடமும் கேட்பதைத்தான் என்னிடமும் கேட்டார். "வணக்கம், யார் பேசறீங்க, எங்கேர்ந்து? ரேடியோ சவுண்ட கொறச்சிடுங்க."

குறைக்காவிட்டால் ரேடியோ சத்தம் போனுக்குள் புகுந்து விசில் அடிக்கும். ரேடியோவை நிறுத்தினேன். இனி போனில் கேட்பது மட்டும்தான். அது பெட்டிக்குள் போகாமல் ஸ்டுடியோவிலிருந்து நேராக வருவது.

"புருஷோத்தமன்மா. ஒங்க டெக்னிக்கல் ஆளு. மேட்டுப்பாளையத்துலேர்ந்து."

"சொல்லுங்க சார்" என்றார்.

"ஒங்களுக்கு இழுப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. மெஷின நாந்தான் அப்பிடி வச்சேன். வேணும்னுதான் வச்சேன். வீட்ல யாரும் இல்லம்மா. நீங்க மூச்சு விடறது கேட்டா, ஆள் இருக்கற மாதிரி இருந்துச்சு. இது கேக்கறவங்க எல்லாருக்கும் தெரியணும். நீங்க நல்லா மூச்சு விட்டுப் பேசுங்க."

போனில் ஒரு நீண்ட மூச்சு வந்தது. கோபமா, நிம்மதியா, எனக்குத் தெரியவில்லை. கேட்டைத்தான் மூடிவிட்டேனே, ரேடியோவில் அது யாருக்கும் கேட்டிருக்காது.

"சரிங்க சார். நன்றி," என்றார், எல்லா நேயருக்கும் சொல்கிற அதே குரலில். "அடுத்த நேயர் காத்துக்கிட்டிருக்காங்க."

இணைப்பு போய்விட்டது. இரண்டு நிமிடத்தில் கோபிநாத் கூப்பிட்டார். திங்கட்கிழமையும் வசந்தாவே செய்யட்டும் என்றார். கூடவே ஒன்று சொன்னார்: "நீங்க இனிமே அந்தப் பொட்டிகிட்ட போவாதீங்க."

சரி என்று சொல்லிவிட்டு ரேடியோவைப் போட்டேன். வசந்தா ஒரு நீளமான வாக்கியத்தை வெட்டாமல் பேசி முடித்தார். நிறுத்திய இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை.