நாலு வாசலும் சாத்தியாச்சு

மெங்-ரூ ஏற்கெனவே இரண்டு தடவை போகாமல் இருந்துவிட்டாள். ஹுவாலியனில் ஷெங்-வெய்யின் பெற்றோர் வருங்கால மருமகளைப் பார்க்க விருந்து வைக்கும் நாளாகப் பார்த்து, தைபேயில் இவள் கம்பெனி சர்வர் ஏதாவது ஒன்று மண்டையைப் போடும். இன்றைக்கும் போகாவிட்டால் சம்பந்தம் அவ்வளவுதான். இரண்டு இருபதுக்கு ரயில். அதற்குள் சர்வர்களின் பாதுகாப்புத் தணிக்கை முடிய வேண்டும்.

வேலை என்னவோ சின்னதுதான். மின்சாரம் போனால் சர்வர்களைப் பதமாக அணையச் சொல்வது யூ.பி.எஸ்-ஸில் செருகியிருக்கும் நெட்வொர்க் கார்டு. அதற்குள் நுழைய டெல்நெட், எச்.டி.டி.பி. என்று இரண்டு பழைய வாசல்கள். பாஸ்வேர்டை ஊரறியக் கத்திக்கொண்டு போகிறவை. அவற்றை மூடிவிட்டு, எஸ்.எஸ்.எச்., எச்.டி.டி.பி.எஸ். என்ற பத்திரமான வாசல்களைத் திறக்க வேண்டும். இந்த அவசரக்குடுக்கை பழையவற்றை முதலில் மூடிச் சேமித்துவிட்டாள். புதியவற்றைத் திறக்கப் போனால் கார்டு இவளையே உள்ளே விடவில்லை.

தணிக்கைக்கு வந்த யூ மேடம் அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்? பட்டியலை வைத்துக்கொண்டு தட்டிப் பார்த்தார்.

"டெல்நெட் மூடியிருக்கு. எச்.டி.டி.பி. மூடியிருக்கு. பிரமாதம்மா! கையெழுத்துப் போட்டுடலாமா?"

புதிய வாசல் திறந்திருக்கிறதா என்று பட்டியலில் கேள்வியே இல்லை. மெங்-ரூ சந்தோஷத்தில் பையைத் தோளில் மாட்டியும் விட்டாள். ஆனால் சர்வர்களும் கார்டோடு பேசுவது அதே வாசல்கள் வழியாகத்தான். நடுவில் மின்சாரம் போனால்? நெஞ்சு கேட்கவில்லை.

"மேடம், போடாதீங்க. எனக்கும் சேர்த்துதான் மூடியிருக்கு."

யூ மேடம் பேனாவை மூடினார். "அப்போ திறந்துட்டு வாங்க. இங்கேயே இருக்கேன்."

இனி கேபிளை நேரே கார்டில் செருகினால்தான் உண்டு. மெஷின் அறைக்கு ஓடினால், செருகும் துளைக்கு மேலேயே பச்சைப் பை நொறுக்குத்தீனி ஒன்று டேப் போட்டு ஒட்டியிருந்தது. அந்தத் தீனியின் பெயருக்கே 'சமர்த்தாயிரு' என்றுதான் அர்த்தம்; மெஷினும் அப்படியே இருக்குமென்ற தைவான் நம்பிக்கையில் சீனியர் கோ அண்ணன் ஒட்டியது. இவள் கையை நீட்டியதும் அவரே பின்னாலிருந்து கத்தினார்.

"ஏய், அதுல கை வைக்காத! போன மாசம்தான் புதுசு மாத்தினேன்."

"பக்கத்துல ஒட்டக் கூடாதாண்ணே? வழியை மறிச்சுக்கிட்டு நின்னா நான் எப்படி உள்ள போறது?"

"நகரு. நான் மன்னிப்புக் கேட்டுட்டு எடுக்கறேன்."

அவர் கைகூப்பி மூன்று முறை குனிந்து, நகத்தால் டேப்பைச் சுரண்டிச் சுரண்டி எடுப்பதற்குள் இவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கேபிளைச் செருகி, புதிய வாசல்களைத் திறந்து, கார்டை அணைத்துப் போட்டு, யூ மேடம் கையெழுத்துப் போட்டபோது மணி மூன்று.

ரயில் போய்விட்டது. இந்தத் தடவை ஷெங்-வெய்யிடம் சொல்லாமல், அவன் அம்மாவையே அழைத்தாள்.

"அத்தை, வண்டியை விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான். அவசரப்பட்டு வேலையைச் சொதப்பிட்டேன்."

"ரெண்டு தடவையும் என் மகன்தான் போன் பண்ணினான். உனக்குக் காய்ச்சல்னு ஒரு தடவை, தலைவலின்னு ஒரு தடவை. உனக்கு எங்களைப் பிடிக்கலையோன்னு நானும் அவங்க அப்பாவும் தூங்கலைம்மா. அடுத்த வண்டி எத்தனை மணிக்கு?"

"நாலரைக்கு. உட்கார இடமில்லை அத்தை, நின்னுக்கிட்டுதான் வரணும்."

"நின்னுக்கிட்டே வா. இங்க வந்து உட்கார்ந்து சாப்பிடு."