மாடி ஏறிய அண்டா

ஜாஸ்மி அந்தப் படத்தைப் பார்த்தபோது அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தக்கலைப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள், சாமான்களை விற்கிறார்கள் என்று வாட்ஸப் குழுவில் யாரோ படம் போட்டிருந்தார்கள். கதவுகள், கட்டில், ஆட்டுரல். அவற்றுக்குப் பின்னால் சுவரோரமாக ஒரு பித்தளை அண்டா. இரண்டு ஆள் கைகோத்தாலும் சுற்றிப் பிடிக்க முடியாது.

"மாமி, குழம்பைப் பாத்துக்கிடுங்க!" என்று கத்திக்கொண்டே அறைக்குள் ஓடினாள். கடலுக்குப் போய்விட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்த கணவன் டெல்வினைப் பிடித்து உலுக்கினாள். "எழும்புங்க. இப்பமே போகணும். வேற யாராவது தூக்கிட்டுப் போயிருவாங்க."

முட்டத்தில் கடலைப் பார்த்து அவர்கள் கட்டிய புது வீட்டை ஃபாதர் வந்து ஜெபித்து மந்திரித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் வீடெங்கும் பித்தளை. ஜன்னல் ஓரத்தில் நீண்ட மூக்கு வைத்த கிண்டியில் செம்பருத்தி. மாடிப்படியின் கீழே ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து குடம். வெற்றிலை எச்சில் துப்பும் பழைய கோளாம்பியில் மணிபிளாண்ட். அதைப் பார்த்த அன்று மாமியார் ஞானசெல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஆளுவ துப்புனதுலயாட்டி செடி வைப்பே?"

டெல்வினின் கூட்டாளி ஜெஃப்ரினை அவன் மீன் வண்டியை ஓட்டச் சொல்லி, மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து தக்கலை போய்ச் சேர்ந்தார்கள். அதற்குள் அண்டாவின் பக்கத்தில் ஒரு ஆள் நின்றிருந்தார். ஏதோ ரிசார்ட்டுக்குச் சாமான் எடுப்பவர். அண்டாவை விரலால் தட்டிக்கொண்டே போனில் பேசினார். "சூப்பர் பீஸ் சார். அடியில ஒரு ஓட்டை போட்டு பைப்பை விட்டா ஃபவுண்டன் ரெடி."

"ஓட்டையா!" ஜாஸ்மியின் வாயிலிருந்து அது அலறலாகவே வந்துவிட்டது.

வீட்டுக்காரி பகவதி திரும்பிப் பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும். இடிக்கிற தூசி தலைமுடியெல்லாம் படிந்திருந்தது. "நீ என்ன செய்வே பிள்ளே?"

ஜாஸ்மி அதுவரை அதை யோசித்திருக்கவில்லை. "ஹால் நடுவுல வைப்பேன் அக்கா. தண்ணி நெறச்சு ஆம்பல் பூ விடுவேன். வாற ஆளுவ எல்லாம் வாயைப் பொளந்து நிக்கணும்."

பகவதி சிரித்துவிட்டாள். போன் பேசுகிறவரின் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "ஓட்டை போட்டா பெறகு அது என்ன அண்டா? நீயே கொண்டு போ."

பணம் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிற வழியெல்லாம் வண்டியின் பின்னால் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள் ஜாஸ்மி. பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் அது 'டங்' என்றது. அவள் நெஞ்சும் கூடவே குதித்தது.

வாசலில் இறக்கிய பிறகுதான் தெரிந்தது. அண்டா கதவுக்குள் நுழையவில்லை.

நேராக வைத்துத் தள்ளினார்கள். படுக்கப் போட்டு உருட்டினார்கள். அடியை முதலில் விட்டு, பிறகு வாயை முதலில் விட்டுப் பார்த்தார்கள். கதவைவிட அண்டாவின் வயிறு அரை அடி பெரிது.

"ஹாலை அளந்தியா?" என்றான் டெல்வின்.

"மனசுல அளந்தேன்."

"கதவை?"

ஜாஸ்மி வீட்டைச் சுற்றி ஓடிப் பார்த்தாள். பின்கதவு இன்னும் சிறியது. ஜன்னல்களில் எல்லாம் கம்பி. முற்றத்தில் விட்டுவிடலாமா என்று டெல்வின் மெல்லக் கேட்டான். அவள் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே அண்ணாந்து வீட்டைப் பார்த்தாள். மாடி பால்கனியில் கண்ணாடிக் கதவு. இரண்டு பக்கமும் தள்ளித் திறந்தால் ஆறடி.

"மேல போவோம்!" என்று துள்ளினாள். "வள்ளத்தைக் கரையில இழுக்க மாட்டீங்களா? அதுபோல இதை மேல இழுங்க."

டெல்வினும் பால்கனியை அண்ணாந்து பார்த்தான். பிறகு அவன் முகத்திலும் சிரிப்பு பரவியது. "கொள்ளாமே!"

கடற்கரையிலிருந்து ஆட்கள் வடத்தோடு வந்தார்கள். மொட்டை மாடியில் இரண்டு மரத்தைக் கட்டி, கப்பி மாட்டி, அண்டாவுக்குப் பழைய வலையால் ஒரு கூடு கட்டினார்கள். தெருவே கூடிவிட்டது. அதுவரை கதவோரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற ஞானசெல்வி, முதல் இழுப்பிலேயே கயிறு ஒரு பக்கமாகச் சாய்வதைக் கண்டு கத்தினாள். முப்பது வருடம் தெருத்தெருவாக மீன் கூவி விற்ற குரல் அது.

"ஏலே, சரியுது! இடது பக்கம் பிடி! மக்கா, ஒண்ணாட்டு இழுங்கலே!"

"ஏலோ!" என்றார்கள் ஆண்கள். அண்டா தரையை விட்டு எழும்பியது. "ஏலேலோ!" ஆள் உயரம். ஜன்னல் உயரம். ஒரு காற்று அடித்தது. அண்டா சுழன்று போய் பால்கனிச் சுவரில் மோதியது. கோயில் மணிபோல அந்தச் சத்தம் கடலோரப் பாறைகள்வரை போனது. ஜாஸ்மி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகல்லட்டி, கொஞ்சம் நசுங்கிச் சொட்டை விழுந்திருக்கு, அவ்வளவுதான்! இழுங்கலே!" மாமியார் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தானும் வடத்தைப் பிடித்துவிட்டாள்.

அண்டா பால்கனிக்குள் போய் உட்கார்ந்தபோது எழுந்த கைதட்டலில் காக்கைகள் பறந்தன. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அறைக்குள் தள்ளலாம் என்றான் டெல்வின். ஜாஸ்மி கேட்கவில்லை. அங்கே கடல்காற்றில் அது ராஜாபோல இருந்தது. அங்கேயே இருக்கட்டும் என்றாள்.

மறுநாள் டெல்வின் கடலுக்குப் போனதும் மாமியாரும் மருமகளும் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்கள். கை சிவந்து காந்தியது. கறுப்பு போய், பச்சை போய், மஞ்சள் எட்டிப் பார்த்தது. மதியம் சாப்பிடக்கூட இறங்கவில்லை. குடம்குடமாய்த் தண்ணீர் ஊற்றி, குளத்திலிருந்து கொண்டுவந்த ஆம்பல்களை மிதக்கவிட்டு நிமிர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

போன் அடித்தது. டெல்வின். எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கத்தினான்.

"ஏட்டி, வீட்டுல என்ன செய்தே? இங்க வள்ளத்துல எல்லாரும் கேக்கான். கரையில ஒரு தீ மின்னுது!"

"அண்டாதான்! நம்ம அண்டா!" ஜாஸ்மி குதித்தாள். "இங்கேருந்து உங்களைக் காணல்லியே. எந்த வள்ளம்?"

தூரத்தில் புள்ளி புள்ளியாய் ஏழெட்டு வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. ஞானசெல்வி அவளிடமிருந்து போனைப் பறித்தாள்.

"மக்கா, நல்லாத் தெரியுதாலே? அந்தச் சொட்டை தெரியல்லியே?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன்பே புளி படிந்த கையை உயர்த்தி எல்லா வள்ளங்களுக்கும் சேர்த்து வீசத் தொடங்கினாள்.