தலையணையில் அடித்த தாளம்

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது என்பது அவருக்கும் எனக்கும், வவுனியாவில் அவரைப் பார்த்த டாக்குத்தருக்கும் மட்டும்தான் தெரியும். ஒரு காது கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்தபோதே போய்விட்டது. மற்றக் காதை வைத்துக்கொண்டுதான் நிஷாந்தன் இத்தனை வருடமும் இசைக்குழுவில் டோலக் வாசித்தார். இப்போது அதுவும் போயிற்று. நரம்பு செத்துவிட்டது, காதுக்கு மெசின் போட்டாலும் பிரயோசனமில்லை என்று டாக்குத்தர் சொன்னதை, நான் அவர் முகத்துக்கு நேரே நின்று, வாயசைவு தெரிய ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படி ஒரு வேலை யாருக்கும் வரக்கூடாது.

அவர் வயல் வேலைக்குப் போகிறவர். நாலு பேருக்கு நடுவில் வாய் திறக்கமாட்டார். மடியில் டோலக் ஏறிவிட்டால் ஆளே வேறு. அந்த ஆளைப் பார்த்துத்தான் நான் கட்டினேன். அதுவும் இல்லாமல் போனால் எங்கள் வீட்டில் என்ன மிஞ்சும்?

போன திருவிழாவில் பாட்டு ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். குழுவை நடத்திக் கீபோட்டும் வாசிக்கிற பிரதீபன், இவர் குடித்துவிட்டு வந்தார் என்று நினைத்தான். கோயில் வைகாசிப் பொங்கலுக்கு முன்னால் ஒரு ஒத்திகை வைப்போம், அதிலும் பிசகினால் வேறு ஆளைப் போடுவேன் என்றான். இவர் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். குடிகாரன் என்ற பெயரைத் தாங்குவாராம், செவிடன் என்ற பெயரைத் தாங்கமாட்டாராம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என்னிடம் வாக்கும் வாங்கிக்கொண்டார். இந்தப் புத்தியை எங்கே கொண்டுபோய் முட்டுவது?

ஸ்கந்தபுரத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஃபேன், மிக்சி, ரைஸ் குக்கர் எல்லாம் பழுதுபார்ப்பேன். ஒருநாள் திருத்த வந்த ஸ்பீக்கர் பெட்டி ஒன்று பாட்டுக்கு ஏற்ப மின்னியது. காதால் கேட்க முடியாததைக் கண்ணால் பார்த்தால் என்ன என்று எனக்குப் பட்டது. அன்றே உட்கார்ந்தேன். சத்தத்தைப் பிடிக்க ஒரு சின்ன மைக், அதைப் பெருக்க டிரான்சிஸ்டர், கடைசியில் ஒரு வரிசை சிவப்பு பல்ப். முதலில் வைத்த டிரான்சிஸ்டர்கள் புகைந்து செத்தன. பிறகு மின்னியது, ஆனால் காகம் கத்தினாலும் மின்னியது, குசினியில் சட்டி விழுந்தாலும் மின்னியது. பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்துப் பிரித்து ஒட்டினேன். கனத்த தாளச் சத்தத்துக்கு மட்டும் எரிகிற மாதிரி அது வழிக்கு வந்தபோது ஈயம் சுட்டு என் விரல்கள் கொப்பளித்திருந்தன.

பக்கத்து வீடு பிரதீபனின் மாமி வீடு. டோலக் சத்தம் பிசகிக் கேட்டால் கதை போய்விடும் என்று இவர் பயந்தார். அதனால் நான் பாட்டைச் சத்தமாகப் போட, இவர் மடியில் தலையணையை வைத்து, பல்ப்பைப் பார்த்துப் பார்த்து அடித்தார். ஒரு அடி பிசகவில்லை. நான் அழுதுவிட்டேன். அவர் தலையணையைத் தூக்கி என் மேல் எறிந்து சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பொதுநோக்கு மண்டபத்தில் ஒத்திகை. பெட்டியை இவர் காலடியில் வைத்தேன். அலங்கார லைட் என்று நினைத்து, மேடைக்கு நல்ல எடுப்பாக இருக்கும் என்று பிரதீபன்கூடச் சொன்னான். குழுவின் பாடகி சுமித்திரா பாடத் தொடங்கினாள். பல்லவி முழுக்க எல்லாம் சேர்ந்தே போனது.

சரணத்தில் சுமித்திரா பாட்டை இழுத்தாள். இவர் இழுக்கவில்லை. பல்ப்பும் இழுக்கவில்லை. ஏன் இது பாட்டை விட்டு ஓடுகிறது என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பெட்டிக்குக் கிட்டக் குனிந்து பார்த்தபோதுதான் விளங்கியது. மைக்குக்கு மிகக் கிட்ட இருந்த பெரிய சத்தம் இவருடைய டோலக்தான். பல்ப் இவருடைய அடிக்குத்தான் எரிந்தது. தலையணை சத்தம் போடாததால் வீட்டில் இது தெரியவேயில்லை.

சுமித்திரா பாட்டை நிறுத்தினாள். பிரதீபன் கீபோட்டிலிருந்து கையை எடுத்தான். மண்டபத்தில் டோலக் மட்டும் கேட்டது. பல்ப்புகள் அதற்குச் சரியாக எரிந்து எரிந்து அணைந்தன. இவர் அவற்றைப் பார்த்துச் சிரித்தபடி அடித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நான் கட்டிய அந்த ஆளைப் பார்த்தேன். யாரும் அவரைத் தொடவில்லை. நான்தான் போய் டோலக்கின் தோலில் உள்ளங்கையை வைத்தேன்.

பெட்டி இருண்டது. அவர் அதைப் பார்த்தார், பிறகு பிரதீபனின் சும்மா கிடந்த கைகளைப் பார்த்தார், பிறகு என் வாயைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா நான் தனிய அடிக்கிறன்?"

அவருக்குக் கொடுத்த வாக்கை உடைத்தால்தான் அவரைக் காப்பாற்றலாம். அவர் என் வாயைப் பார்க்கும்படியே நின்று பிரதீபனிடம் சொன்னேன்.

"இவருக்குக் காது கேக்காது. குடியும் இல்லை, ஒண்டும் இல்லை. உந்தக் கீபோட்டில இருந்து எனக்கொரு வயர் தா. மைக்கைக் கழட்டிப்போட்டு நேராக் குடுக்கிறன். பிறகு லைற் உன்ர வாசிப்புக்குத்தான் எரியும்."

பிரதீபன் தலை குனிந்தான். பொங்கலுக்கு நாள் கிட்டிவிட்டது, வேறு ஆளிடமும் கதைத்துவிட்டேன் என்று மெதுவாகச் சொன்னான்.

"எனக்கு இண்டைக்குப் பின்னேரம் போதும். வயரைத் தா."

அவன் அசையவில்லை. சுமித்திரா நிலத்தைப் பார்த்தாள். நான் இவரைப் பார்த்தேன். முகம் செத்துப்போயிருந்தது, வெட்கத்தில் காது மடல் சிவந்திருந்தது. ஆனால் டோலக்கை இன்னும் மடியிலிருந்து இறக்கவில்லை. அதனால் நானும் நீட்டிய கையை மடக்கவில்லை.