முறியாத முள்

கொம்புத் திருக்கையை அறுப்பதில் பயமில்லை. ஆளைவிட அகலம், ஆனாலும் வாலில் கொட்டும் முள் கிடையாது. புரட்டிப் போட்டுச் செவுளை அறுத்தெடுத்தால் தீர்ந்தது. உயிரை வாங்குவதெல்லாம் கூடைகூடையாக வரும் சின்னத் திருக்கைகள்தான்.

"நம்ம முதலாளியும் மேஸ்திரியும் மாதிரி" என்றாள் மூத்தவள். "பெரிசு சும்மா வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும். கொட்டுறது சின்னதுதான்."

இளையவள் சிரித்தாள். இருவரும் ஓரகத்திகள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் இருந்தார்கள், மீன் கம்பெனியில் ஒரே மேசையில் மீன் அறுத்தார்கள்.

முன்பெல்லாம் படகுக்காரர்கள் வாலை வெட்டிக் கடலிலேயே எறிந்துவிடுவார்கள். இப்போது அந்த முள்ளுக்கும் ஒரு வியாபாரி வந்துவிட்டான். அலங்காரப் பொருளாம். நுனி முறியாமல் வேண்டுமாம். முள்ளை எடுக்கும் வேலையும் இவர்கள் தலையில் விழுந்தது. கையுறை போட்டால் வேலை சுணங்குகிறது என்று மேஸ்திரி அதையும் பிடுங்கி வைத்துக்கொண்டான்.

கூடைக்குள் கைவிட்டபோது, அடியில் கிடந்த திருக்கையின் முள் இளையவளின் வலது உள்ளங்கையில் ஏறியது. உதறியதும் வாலிலிருந்து கழன்று கையோடு வந்தது.

"ஐயோ அக்கா! எரியுதே!"

மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்தான். "செத்த மீன் கொட்டுமா? வேலை செய்ய உடம்பு வணங்கலைன்னா வீட்டுக்குப் போகச் சொல்லு."

"மீன் செத்தா விஷமும் செத்துடுமா?" என்றாள் மூத்தவள். " கண்ணு அவிஞ்சா போச்சு? கை வீங்குறது தெரியல? சுடுதண்ணி குடுய்யா, சூட்டுக்குத்தான் இது அடங்கும்."

"அது சரக்கு வாங்க வர்றவங்களுக்கு டீ போட வச்சிருக்கு."

மூத்தவள் அவனைத் தள்ளிக்கொண்டு அலுவலக அறைக்குள் புகுந்தாள். கெட்டிலைத் தூக்கி வந்து வாளியில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, சூட்டைத் தன் கையால் பார்த்த பிறகு இளையவளின் கையை அதில் அமுக்கினாள். முள்ளில் இரண்டு பக்கமும் பின்னோக்கி வளைந்த பற்கள். இழுத்தால் சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். வேறு வழியில்லாமல் இழுத்தாள்.

"பாத்து, பாத்து" என்றான் மேஸ்திரி குனிந்து.

இவனுக்கும் மனசு இருக்கிறது என்று ஒரு நொடி நினைத்துவிட்டாள்.

"நுனி முறிஞ்சிடப் போகுது."

"நீயெல்லாம் சோத்தைத்தான் திங்கிறியா?" என்று கத்தினாள். முள் வாளிக்குள் விழுந்தது. தண்ணீர் சிவந்தது. "ரத்தம் நிக்கல. பஞ்சாவது குடு."

"தீர்ந்துபோச்சு."

தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். மீனும் வியர்வையும் நாறிய துணி. அதையே இறுக்கிக் கட்டி, இளையவளை அணைத்து நடத்திக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"ரெண்டு பேரும் இனி இந்தப் பக்கம் வராதீங்க" என்ற குரல் கேட்டுத் திரும்பினாள்.

மேஸ்திரி வாளிக்குள் கைவிட்டு முள்ளை எடுத்தான். அலசினான். நுனியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கித் திறந்தான். உள்ளே வரிசையாக முட்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் புத்தம்புதுப் பஞ்சு.